முத்தூரில் கேட்ட கேள்வி

பதினேழாவது ராடு இறங்கிக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது மனிதன் ஒருவன் வெட்டியாக உட்கார்ந்து தன் விரலையே முறைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள். தண்ணீர் பார்க்கிறவர் கையைப் பார்த்தால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை, ஏதோ நீரோட்டம் தெரிகிறது போல என்று ஒதுங்கி நிற்பார்கள். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மடித்த துண்டு, பக்கத்து ஸ்டூலில் மோர்ச் சொம்பு. நாச்சிமுத்து மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கொஞ்சம் குறை வைத்திருந்தால் தேவலை. எதிரே போர் போடும் ரிக் வண்டி காதைக் கிழித்தபடி நின்றது, குழியிலிருந்து வெள்ளைக் கல்பொடி சீறிச் சீறி வந்து சோளத்தட்டின் மேல் படிந்தது. ராடு ஒன்றுக்கு இருபது அடி, பதினேழுக்கு முந்நூற்று நாற்பது, இன்னும் பொட்டு ஈரம் இல்லை. இருக்கட்டும், அறுநூற்றைம்பதுக்குள் வரும் என்று காலையில் சொன்னது அவர்தான், சொன்ன வாய் தயங்கவில்லை, வாய் எப்போது தயங்கியிருக்கிறது. விரல்தான். குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நிலத்தை நாலு சுற்றுச் சுற்றினால், அடியில் ஓட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை அது எழுந்தபோது முழங்கை வரை சிலிர்த்து, பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டார், அது சத்தியம். அப்புறம் எந்த வருஷத்திலோ இந்தக் கட்டைவிரல் தொழில் கற்றுக்கொண்டது. அடியில் கொடுத்து ஒரு நூல் உயர்த்தினால் போதும், சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இன்று காலை அது உயர்ந்ததா இல்லையா, அதுதான் அவருக்குத் தெரியவில்லை. தன் விரல் என்ன செய்தது என்று தனக்கே தெரியாத நிலைக்கு வந்துவிட்டோமே என்று கூசியது.

வீட்டின் பக்கம் திரும்பக் கூடாது என்று வைத்திருந்தார், திரும்பினார். தெற்குப் பார்த்த ஜன்னல், ஒரு கதவு சாத்தி ஒரு கதவு திறந்து, உள்ளே இருட்டு. அந்த இருட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தாரணி. நாச்சிமுத்துவின் ஒரே மகள். போனில் கூப்பிட்டவன் இந்த நாச்சிமுத்து என்று தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டார். காங்கேயம் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு நாச்சிமுத்து மேல் விழும், யாரைக் கண்டது. விடியற்காலை வந்து, காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது சுவரில் கல்யாணப் போட்டோ. மாலையும் நெற்றிச்சுட்டியுமாக அந்த முகம். சூடான தம்ளர் கையில் இருந்ததே உறைக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாச்சிமுத்து தானாகவே சொன்னான், குரலைத் தாழ்த்தி, ஏதோ இவருக்குச் சமாதானம் சொல்வதுபோல. "ஆமாங்ண்ணா, முத்தூர்ல குடுத்த புள்ளதானுங்க. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. அன்னிக்கு உங்க கை பொய்க்கல, எங்களுக்குத் தெரியும். அவ நேரம் அப்படி. இன்னிக்கு வண்டி போற வரைக்கும் வெளியவே வரக்கூடாதுன்னு சொல்லிட்டனுங்க." பெற்ற அப்பன். இவரிடம் சண்டைக்கு வந்திருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம், என் பெண் வாழ்க்கையைக் கெடுத்தவனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். அதற்குப் பதில் இன்னொரு தம்ளர் காப்பி வேண்டுமா என்று கேட்டான். அவரும் வேண்டும் என்று வாங்கிக் குடித்தார்.

இருபதாவது ராடு. எட்டு மாசத்துக்கு முன்னால் முத்தூர்த் தோட்டத்திலும் இப்படித்தான் வேம்பு, இப்படித்தான் நாற்காலி. அங்கே தேங்காய் எழுந்த இடம் தென்மேற்கில், குப்பைக்குழியை ஒட்டி. விரலெல்லாம் இல்லை, தானாக எழுந்தது, சிலிர்ப்பு வந்தது, அடடா என்று நினைத்தது இப்போதும் கையில் இருக்கிறது. தாரணியின் புருஷன் லோகநாதனின் அம்மா ராமாத்தாள் முகத்தைச் சுளித்தாள். "குப்பைக்குழிகிட்டயாங்க? ஈசானி மூலைல தண்ணி எடுத்தாத்தான் குடும்பத்துக்கு ஆகும்னு வாஸ்துக்காரரு சொல்லிருக்காரு. அங்கயும் ஒரு நடை பாத்துருங்களே." ஒரு நடை பார்ப்பதில் என்ன போயிற்று, பார்த்தார். வடகிழக்கு மூலை கல்லாங்காடு, காலுக்கே தெரிந்தது. தேங்காய் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது. ராமாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தக் கண்ணில் அவ்வளவு ஆசை, சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முகத்திலும் அதே ஆசை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மிணி, வாஸ்துக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்லை, குப்பைக்குழிகிட்டேதான் இருக்கிறது, இஷ்டமிருந்தால் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் ஈசானியில் எழுப்பித் தரும் வேறு ஆளைக் கூட்டிவருவார்கள், அவன் பேர் வாங்குவான். அது பொறுக்காமல்தான். மற்றபடி பயமும் இல்லை, பேராசையும் இல்லை, நாலு பேர் வாயைப் பிளக்கவேண்டும், அவ்வளவுதான். விரல் ஒரு நூல் உயர்ந்தது. ராமாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வேப்பங்கொத்து நட்டபோது, இங்கேயும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், பூமி முழுக்க ஏதோ ஒரு ஆழத்தில் தண்ணீர்தானே.

தொள்ளாயிரம் அடி. கடைசி ராடு வரைக்கும் பொடி, பால் பவுடர் மாதிரி. வண்டி எஞ்சினை நிறுத்தினார்கள். அழுகை இல்லை, சத்தம் இல்லை, அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவ்வளவு கண்கள். அப்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு கேள்விதானே. யாரையும் சுட்டிக் கை நீட்டவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை. "பூசை போடறப்ப யாராச்சும் தீட்டோட வந்து நின்னாங்களா?" அவ்வளவுதான் கேட்டது. தொழிலில் கேட்கிற கேள்விதான், இவருக்கு முன்னால் பார்த்தவர்களும் கேட்டதுதான், பொய்த்த இடத்தில் எல்லாம் ஏதாவது ஒன்று கேட்டுவைப்பார், செருப்புப் போட்டு நடந்தீர்களா, கர்ப்பிணி குறுக்கே வந்தாளா, ஓட்டம் இருந்தது, விலகிப்போய்விட்டது என்பார். பெரும்பாலும் யாரோ தலையைச் சொறிந்துகொண்டு ஆமாம் என்பார்கள், காரியம் அத்தோடு முடியும். முத்தூரில் யாரும் தலையைச் சொறியவில்லை. ராமாத்தாள் மெதுவாகத் திரும்பினாள். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது கல்யாணமாகி நாற்பது நாள் ஆன மருமகள். அந்தப் பெண் முதலில் தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. "நானில்லீங்க அத்தை" என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம், சொன்னதுமே எல்லோருக்கும் ஆள் கிடைத்துவிட்டது. இவருக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியது? இதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அப்பாடா என்று தோன்றியது. கண்கள் எல்லாம் அவரைவிட்டு நகர்ந்ததும் உடம்பு லேசானது, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு மாசம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று தாரணியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்களாம். அந்த ஒரு மாசம் எட்டு மாசமாக நீண்டிருக்கிறது. முதலில் லோகநாதன் போன் பண்ணிக்கொண்டிருந்தானாம், பிறகு அதுவும் இல்லை. இதெல்லாம் டீக்கடையில் காதில் விழுந்தபோது, பெரிய இடத்துப் பிரச்சினை, தண்ணி மட்டுமா காரணம், உள்ளுக்குள் வேறு என்னமோ இருக்கும் என்று சொன்னவர் யார்? அவரேதான். சொல்லிவிட்டு வடையை எடுத்தார். வீட்டில் மனைவி காளியாத்தா, நாற்பது வருஷமாக இவருக்குச் சோறு போடுகிறவள், ஒருநாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே சொன்னாள், "தண்ணி வந்தா நீங்க. வரலீன்னா ஊரு. நல்ல தொழிலுங்க." அன்றைக்குக் கோபம் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெரியவன் பேங்க்கில் சேர்ந்தபோது என் வளர்ப்பு என்று ஊரெல்லாம் சொன்னதும், சின்னவன் படிப்பை விட்டபோது அவன் சகவாசம் சரியில்லை என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன, ஏன் வந்தன என்று அவற்றின்மேலும் கோபம் வந்தது. நல்லூரில் நானூறு அடியில் மூன்றங்குலத் தண்ணீர், மாலை போட்டார்கள், என் கை. ஊதியூரில் இரண்டு குழி வறண்டது, அவர்கள் குலசாமிக்குப் படையல் போடவில்லை. எவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட்டோம். ஒரு கை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு கையே இல்லாதவனைப்போல முப்பது வருஷம் நடந்திருக்கிறோம்.

இருபத்தைந்து. பொடி கொஞ்சம் கறுத்தது போலிருந்தது, நாற்காலியின் நுனிக்கு வந்தார், இல்லை, கல்தான் மாறியிருக்கிறது. முன்பு ஒரு கல்லூரிப் பையன், நிலத்தைப் படித்தவன், மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவன், நல்ல பையன், இவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: அண்ணா, இந்தப் பக்கத்துப் பாறையில் எங்கே குத்தினாலும் பாதிக்குப் பாதி வரும், தேங்காய் எதற்கு என்று. அப்போது அவனை ஏசினார். இப்போது அவன் சொன்னது ஒரு வழியாகத் தெரிந்தது. பாதிக்குப் பாதி என்றால் முத்தூரில் வறண்டது பாறையின் குற்றம், விரலின் குற்றம் இல்லை, அவர் பாவம் கழிந்தது. மனசு அந்த வழியில் நாலடி போனது, நின்றது. அப்படியானால் நல்லூர் மூன்றங்குலமும் பாறையுடையது. மாலையும் பாறைக்குப் போட்டது. முப்பது வருஷமாக ஊர் கும்பிட்ட இந்தக் கையில் ஒன்றுமே இல்லை. அதைவிடப் பாவமே பரவாயில்லை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதும் இன்னும் அவமானமாக இருந்தது; ஒரு பெண் எட்டு மாசமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், நீ உன் கைக்குப் பெருமை தேடிக்கொண்டிருக்கிறாய். சரி, எந்த வழியில் போனாலும் ஒன்று மாறவில்லை. பாறையோ விரலோ, அந்தக் கேள்வி பாறை கேட்டதில்லை.

தண்ணீர் வந்துவிடட்டும் சாமி. அதுதான் காலையிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இங்கே வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் அப்பன் காட்டுக்காவது ஈரம் வரும், தென்னம்பிள்ளைகள் பிழைக்கும், தான் கெடுத்ததில் பாதியாவது ஈடுகட்டினதாக ஆகும். வராவிட்டால்? வீட்டுக்குள் அடைத்து வைத்தும் வரவில்லை, இவள் இருக்கிற ஊரிலேயே தண்ணீர் நிற்காது என்பார்கள், முத்தூர்க்காரர்கள் அதைக் கேட்டு நல்லவேளை அனுப்பினோம் என்பார்கள், கதை முடிந்தது. அதனால் வரவேண்டும். ஜன்னலில் ஒரு கை தெரிந்தது, வளையல் இல்லாத கை, கம்பியைப் பிடித்திருந்தது. "அம்மா, வெள்ளாட்டுக்குத் தண்ணி காட்டவே இல்ல, கத்துது பாரு" என்ற குரல், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் மெல்லிசாக. "வண்டி போவட்டும் கண்ணு" என்று துளசிமணி, அவள் அம்மா, அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னாள். ஆடு மறுபடி கத்தியது. பத்தடியில் ஆடு, பத்தடியில் வாளி, நடுவில் அவர் கேட்ட கேள்வி. எழுந்துபோய்த் தானே தண்ணீர் வைத்துவிடலாமா என்று கால் துடித்தது. ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துப் பாவத்தைக் கழுவப் பார்க்கிறாயா என்று உள்ளே ஒருவன் கேட்டான். உட்கார்ந்தே இருந்தார். வந்தால்? என்று அப்போதுதான், இத்தனை ராடு இறங்கியபின்தான், மறுபக்கம் உறைத்தது. வந்தால் என்ன சொல்வார்கள்? அவளை உள்ளே வைத்ததால் வந்தது என்பார்கள். வந்தாலும் அவள்தான், வராவிட்டாலும் அவள்தான். பூமிக்குள்ளிருந்து எது வந்தாலும் அந்தப் பெண்ணுக்கு விடுதலை இல்லை, அவளுக்கு வேண்டியது இந்தக் குழிக்குள் இல்லை, இந்த நாற்காலியில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? ஈசானி மூலையில் ஏமாற்றினான் என்று முத்தூரில் தெரிந்தால் மறுநாள் நல்லூரில் தெரியும், இனி யாரும் கூப்பிடமாட்டார்கள், பேங்க்கில் இருப்பவன் தலைகுனிந்து நடப்பான், காளியாத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் சோறு போடுவாள், அதுதான் தாங்காது. தண்ணீர் வந்தபின் சொல்லலாம், அப்போது மரியாதை இருக்கும், கேட்பார்கள். இல்லை, வருவதற்கு முன்பே சொல்லவேண்டும், வந்தபின் சொல்வது வீரம் இல்லை. இதோ இந்த ராடு முடியட்டும். இருபத்தெட்டு முடிந்தது. நாச்சிமுத்து ரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தான், கூட்டத்தில் எப்படிச் சொல்வது, அடுத்த ராடு முடியட்டும். இருபத்தொன்பது. வாயைத் திறந்தார், மோரைக் குடித்தார். முப்பதில் பொடி சேறாகியது, முப்பத்தொன்றில் எஞ்சின் சத்தம் கனத்து, குழியிலிருந்து செம்மண் கரைசல் எழும்பி, பின் வெளுத்து, பின் தெளிந்து ஆளுயரத்துக்கு அடித்தது. அவர் அசையவில்லை. முப்பது வருஷத்தில் முதல் முறையாகத் தண்ணீர் வந்தும் குழிப்பக்கம் போகவில்லை.

வண்டியை நிறுத்தினார்கள். துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து நனைந்துபோய் ஓடிவந்து அவர் காலைத் தொடப் போனான், இவர் பின்வாங்கியதில் நாற்காலி விழுந்தது.

"ரெண்டரை அங்குலம் இருக்குமுங்ண்ணா. உங்க கையி கையிதானுங்க. நல்லவேளை, நீங்க அன்னிக்கு முத்தூர்ல எடுத்துச் சொன்னீங்க. அதனாலதான் புள்ளைய உள்ள வெக்கோணும்னு எங்களுக்குப் புத்தி வந்துது."

"நாச்சிமுத்து, அது பொய்யி" என்றார் சென்னியப்பன். எஞ்சின் நின்றுவிட்டதால் குரல் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. "முத்தூர்ல தேங்கா எந்திரிச்சது வேற பக்கம். அந்தம்மா ஆசப்பட்டுதுன்னு நான் எடத்த மாத்தி வெச்சேன். தண்ணி வராததுக்கு நாந்தான் காரணம். உன்ற புள்ள மேல ஒண்ணுமில்ல."

நாச்சிமுத்துவின் கண் கலங்கியது. "உங்க மனசு யாருக்குங்க வரும். அவளுக்கோசரம் உங்க பேரையே கெடுத்துக்கறீங்களே." ரிக்காரர்களைப் பார்த்து, "பாருங்க, பெரியவங்கன்னா இப்படித்தான்" என்றான். நிஜமாகவே நம்பவில்லை. கண்ணெதிரே ரெண்டரை அங்குலத் தண்ணீர் வந்திருக்கும்போது யார் நம்புவார்கள்? தண்ணீர் வருமுன் சொல்லியிருக்கவேண்டும். எட்டு மாசத்துக்கு முன் சொல்லியிருக்கவேண்டும்.

வீட்டுக் கதவு திறந்தது. தாரணி வெளியே வந்தாள், சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் நேராக நடந்து வந்தாள். துளசிமணி "கண்ணு, இரு" என்றாள், அவள் இருக்கவில்லை. கிட்டத்தில் பார்த்தபோது போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள்.

"பெரீப்பா, எங்கிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லி என்னங்க பண்றது? நான் அன்னிக்குச் சுத்தமாத்தான் இருந்தேன், அது எனக்குத் தெரியாதா?" என்று போனை நீட்டினாள். "ராமாத்தா அத்தைக்குப் போட்டிருக்கறனுங்க. ரிங்கு போவுது."

வாங்கினார். ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். "யாரு?" என்றது முத்தூர்.

"தண்ணி பாக்கற சென்னியப்பன் பேசறனுங்க."

"அட, சொல்லுங்க. என்னங்க விசேசம்?"

இடத்தைச் சொன்னார். குப்பைக்குழியைச் சொன்னார், ஈசானி மூலையில் தேங்காய் படுத்தே கிடந்ததைச் சொன்னார், கட்டைவிரலைச் சொன்னார். சொல்லும்போது நாச்சிமுத்துவின் முகம் மாறிக்கொண்டே வந்தது, இப்போது நம்பத் தொடங்கியிருந்தான். சொல்லி முடித்துவிட்டதாக நினைத்து அவர் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தாரணி கையை நீட்டவில்லை.

"அந்தக் கேள்வி" என்றாள் மெதுவாக.

ஒரு கேள்விதானே என்று நாக்குநுனி வரை வந்தது. விழுங்கினார்.

"அம்மிணி, தீட்டோட யாராச்சும் வந்தாங்களான்னு நான் கேட்டனே. யாரும் வரலீன்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் கேட்டேன்."

ராமாத்தாள் போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் வைக்கவில்லை. பிறகு, "லோகு, இங்க வாடா" என்று அவள் உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டுவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சென்னியப்பன் முதலிலிருந்து ஆரம்பித்தார்.